குழந்தைக்குப் போட்ட ஊசி முப்பது வருஷம் கழித்துச் சம்பளத்தில் தெரியுமா? மறுஆய்வு செய்யப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். வழிகாட்டி, புதிதாக எதையும் கிளப்ப வேண்டாம், ஏற்கெனவே வெளியான ஓர் ஆய்வை எடுத்து மறுபடி செய்து பார் என்கிறார். நீங்கள் தேர்ந்தெடுத்த தலைப்பு, சிறுவயதில் தடுப்பூசி போட்டவர்கள் வளர்ந்தபின் கூடுதலாகப் படிக்கிறார்கள், கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று சொல்லும் கட்டுரைகள். இதை ஆய்வு என்று யாராவது மதிப்பார்களா, எங்கே தொடங்குவது, விளைவு பூஜ்யம் என்று வந்துவிட்டால் தடுப்பூசிக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்கு அது தீனியாகிவிடாதா, ஆறு மாதத்தில் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பிரிட்டனில் 1950இல் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில், பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஊசி காசநோயிலிருந்து முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்பு தருகிறது என்று தெரிந்தது. நேர்த்தியாக நடந்த சோதனை அது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்து மறுபடி சோதித்தார்கள். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் பல வருஷம் அவர்களைப் பின்தொடர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோய்க்கு எதிராக அந்த ஊசி பாதுகாப்பு தரவில்லை என்பதுதான் முடிவு. பிரிட்டன்காரர்கள் பொய் சொல்லவில்லை, செங்கல்பட்டில் வேலை பார்த்தவர்களும் தப்பாகச் செய்யவில்லை. இங்கே மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் வேறு வகை மைக்கோபாக்டீரியாக்கள் (காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தவை), நோய் பரவும் வேகம் என்று பல காரணங்களை இன்றும் பேசுகிறார்கள். கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது என்பதால் பிறந்தவுடன் போடுவது தொடர்கிறது. எந்த ஊசி யாருக்கு எதற்கு என்று உலகத்துக்கே தெளிவு வந்தது, மறுபடி செய்து பார்த்ததால். ஆகவே மதிப்பைப் பற்றிய கவலை வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊசிக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு உயிரியல் தரப்பில் நல்ல பதில் உண்டு. தட்டம்மை வந்து போன குழந்தையின் உடலில், மற்ற நோய்களுக்கு எதிராக ஏற்கெனவே சேர்ந்திருந்த எதிர்ப்பாற்றலும் அழிகிறது. 2019இல் வந்த ஓர் ஆய்வு, ஏற்கெனவே இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போவதாக அளந்து காட்டியது. அதற்கு நான்கு வருஷம் முன்பு வந்த இன்னொன்று, இந்தப் பலவீனம் இரண்டு மூன்று வருஷம் நீடிக்கக்கூடும் என்று சொன்னது. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் குழந்தைக்குப் பேதியும் நிமோனியாவும் மாறி மாறி வரும், எடை ஏறாது, பள்ளிக்குப் போவது விட்டுப் போகும். காரணச் சங்கிலி நம்பும்படியாகத்தான் இருக்கிறது. நம்பும்படி இருப்பதால்தான் எண்ணை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நமக்குப் பிடித்த முடிவு வந்துவிட்டால் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்கக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். பொருளியலாளர் அலிசியா அட்வுட் 2022இல் வெளியிட்டது. அங்கே தட்டம்மைத் தடுப்பூசி 1963இல் வந்தது. அதற்கு முன்பு எந்த மாநிலத்தில் நோய் அதிகமாகப் பதிவாகியிருந்ததோ, அங்கே ஊசியால் ஆதாயமும் அதிகமாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. மாநிலத்தின் பழைய நோய் விகிதத்தையும், ஒருவர் சிறுவயதில் ஊசி இருந்த காலத்தில் எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்பதையும் பெருக்கி, அதை வளர்ந்தபின் உள்ள வருமானத்தோடு பொருத்துகிறார். வருமானம் 1.1 சதவீதம் கூடுகிறது என்பது முடிவு.

இதில் நான் முதலில் கைவைக்கும் இடம் அந்தப் பழைய நோய் விகிதம். ஊசி வருவதற்கு முன்பு அமெரிக்காவில் அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் பதினைந்து வயதுக்குள் தட்டம்மை வந்துவிடும். எல்லோருக்கும் வரும் நோய் ஒரு மாநிலத்தில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் எப்படிப் பதிவாகும்? பெருமளவு, எழுதிவைப்பதில் உள்ள வித்தியாசம். நம் ஊரை நினைத்துப் பாருங்கள். அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை யாரையும் வீட்டுக்குள் விட மாட்டார்கள், டாக்டரிடம் போகவே மாட்டார்கள். அந்தக் குழந்தை எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் ஏறாது. டாக்டர்களும் பதிவேடுகளும் அதிகமுள்ள மாவட்டத்தில்தான் நோயும் அதிகம் இருப்பதாகக் கணக்கு வரும். அதாவது நோய் விகிதம் என்று நாம் எடுத்துக்கொள்வது, சுகாதார வசதியின் அளவுகோலாகவும் இருக்கலாம். வசதி உள்ள இடத்தில் வருமானம் வேறு காரணங்களால் வேகமாக ஏறியிருந்தால், அந்த ஏற்றம் ஊசியின் கணக்கில் விழுந்துவிடும். ஆகவே உங்கள் முதல் சோதனை: பழைய நோய் விகிதத்தை மாநிலத்தின் டாக்டர் எண்ணிக்கை, நகரமயம், பள்ளிச் செலவு ஆகியவற்றோடு பொருத்திப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வந்தால் அவற்றையும் சமன்பாட்டில் பிறந்த ஆண்டோடு பெருக்கிச் சேர்த்து, 1.1 நிற்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது இடம் வயது. ஊசியோடு வாழ்ந்த வருஷங்கள் 1940களின் பிற்பகுதியில் பிறந்தவருக்குப் பூஜ்யத்தில் தொடங்கி, பிறந்த ஆண்டு ஒன்று கூடக் கூட ஒன்று கூடி, 1963க்குப் பின் பிறந்தவரிடம் நின்றுவிடுகிறது. இந்தக் கோட்டைப் பார்த்தாலே உறுத்த வேண்டும். ஒருவரின் சம்பளமும் வயதோடு இப்படித்தான் வளைகிறது: ஏறி, நாற்பதுகளில் ஐம்பதுகளில் சமனாகி, ஓய்வை நெருங்கும்போது இறங்கும். வயதுக்கும் வருமானத்துக்கும் உள்ள வளைவு மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் வேறுபட்டாலே போதும், அது ஊசியின் விளைவு போலத் தோன்றும். இதைச் சோதிக்க நல்ல வழி, ஊசி பத்து வருஷம் முன்பே வந்ததாகப் பொய்யாக வைத்துக்கொண்டு, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே வயதுக்காரர்களிடம் அதே சமன்பாட்டை ஓட்டுவது. ஊசியே இல்லாத தலைமுறையிலும் 'விளைவு' வந்தால் அது ஊசியின் விளைவு அல்ல.

இது கற்பனைக் கவலை இல்லை. பொருளியலாளர் ஹாய்ட் பிளீக்லி 2007இல், அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1910களில் நடந்த கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தால் படிப்பும் வருமானமும் உயர்ந்தன என்று காட்டினார். பெயர் வாங்கிய கட்டுரை. டேவிட் ரூட்மன் அதே தரவை இன்னும் விரிவாக எடுத்து மறுபடி ஓட்டியபோது, புழு அதிகமான பகுதிக்கும் குறைவான பகுதிக்கும் இடையிலான இடைவெளி இயக்கத்துக்குப் பல வருஷம் முன்பிருந்தே குறைந்துகொண்டு வந்தது தெரிந்தது. இயக்கம் நடந்த இடத்தில் கோட்டில் தனியாக ஒரு வளைவு இல்லை. அதே பிளீக்லியின் மலேரியா ஆய்வை ரூட்மன் மறுபடி செய்தபோது அது கொக்கிப்புழுவைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. ஒரே ஆசிரியர், ஒரே முறை, இரண்டு விதமான முடிவு. படத்தைப் போட்டுப் பார்க்காமல் பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் படித்திருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

அப்புறம், இந்தியா. நீங்கள் உண்மையில் இறங்க வேண்டிய இடம் இதுதான். நம் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985இல் 31 மாவட்டங்களில் தொடங்கி, 1990 வாக்கில் நாடு முழுதும் பரவியது. தட்டம்மை ஊசி அப்போதுதான் பட்டியலில் சேர்ந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு ஆண்டில் வந்ததால், முன்னால் பெற்ற மாவட்டத்துப் பிள்ளைகளையும் பின்னால் பெற்ற மாவட்டத்துப் பிள்ளைகளையும் ஒப்பிடலாம். இதைப் பயன்படுத்தி வந்த இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சந்தோஷ் குமாரின் ஆய்வில் சிசு மரணம் 0.4 சதவீதப் புள்ளியும் ஐந்து வயதுக்குட்பட்ட மரணம் 0.5 சதவீதப் புள்ளியும் குறைந்தன. ஆனால் படிப்பில் கலவையான முடிவு: தொடக்கப் பள்ளி முடிப்பது குறைகிறது, உயர்நிலைப் பள்ளி முடிப்பது கூடுகிறது. அரிந்தம் நந்தியும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்டதில், திட்டம் வந்தபின் பிறந்தவர்கள் சராசரியாக 0.18 வகுப்பு கூடுதலாகப் படித்திருக்கிறார்கள்.

தொடக்கப் பள்ளி முடிப்பது குறைவதற்கு ஊசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஊசி இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடிய மிக ஏழை வீட்டுக் குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கெடுப்பில் சேரும்போது சராசரி இறங்கும். ஒரு குழந்தை உயிரோடு இருப்பது ஆய்வின் எண்ணைக் கீழே இழுக்கிறது என்றால், அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு திட்டத்தை எடைபோடக் கூடாது. உங்கள் அறிக்கையில் மரணக் கணக்கும் படிப்புக் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

0.18 என்ற எண்ணை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். இது திட்டம் வந்த மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்குமான சராசரி, ஊசி போட்டவர் போடாதவர் எல்லோரையும் சேர்த்து. 1992-93இல் நடந்த முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் நாடு முழுதும் சுமார் 35 சதவீதம்தான். தமிழ்நாட்டில் சுமார் 65. ஆக மூன்றில் ஒரு குழந்தைக்குத்தான் முழுப் பலன் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு குழந்தைக்கு அரை வகுப்புக்கும் மேல் வர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் தட்டம்மை ஊசிக்குக் கிடைத்தது சுமார் 0.2 வகுப்பு. நம்முடையது அதைப்போல இரண்டரை மடங்கு. இது முடியாத காரியம் இல்லை. இங்கே ஒரு ஊசி இல்லை, பல ஊசிகள். போடாத பிள்ளைக்கும் அக்கம்பக்கத்தில் நோய் குறைந்த ஆதாயம் கிடைக்கும். ஆனால் திட்டத்தோடு கூடவே ஜீப், ஐஸ் பெட்டி, செவிலியர் எல்லாம் ஊருக்குள் வந்தன. 0.18இல் எவ்வளவு ஊசி, எவ்வளவு செவிலியர்? இதைப் பிரிக்க முடிந்தால் அதுவே பெரிய பங்களிப்பு.

ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிடுவதும் பார்ப்பதற்குத்தான் சுத்தமான வழி. நம் ஊரில் புதன்கிழமை ஊசி நாள். குழந்தைக்குச் சளி, லேசான சூடு என்றால் அடுத்த புதன் பார்த்துக்கலாம் என்று பாட்டி தடுத்துவிடுவார். அடுத்த புதன் வராமலே போகும். அப்படி விட்டுப்போன பிள்ளை ஏற்கெனவே நோஞ்சானாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அண்ணனுக்குப் போட்டு தம்பிக்குப் போடாத வீட்டில், அந்தக் காரணமே படிப்பையும் பாதித்திருக்கலாம்.

தமிழ்நாட்டுக்குள் இறங்கினால் சிக்கல் இன்னும் சுவையானது. 1985க்கு முன்பும் பின்பும் இங்கே குழந்தைகளுக்காக நடந்தவை ஊசி மட்டுமா? 1980இல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சில மாவட்டங்களில் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதம்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். 1982இல் சத்துணவுத் திட்டம் பால்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. 1984இல் பதினைந்து வயது வரை நீண்டது. 1987இல் மதுரைப் பக்கம் பிறந்த ஒரு பெண் பத்தாவது தாண்டிப் படித்திருக்கிறாள் என்றால், அது ஊசியாலா, எடை போட்ட ஊழியராலா, முட்டையாலா? சத்துணவு மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் வந்ததால், மாநிலத்தையும் பிறந்த ஆண்டையும் பெருக்கிச் சேர்த்தால் அது பெரும்பாலும் விலகும். எடைபோடும் திட்டம் மாவட்டவாரியாக வந்ததால் அப்படி விலகாது. அதற்குத் தனியாக ஒரு மாறி கட்டியே ஆக வேண்டும். வெளிநாட்டில் உட்கார்ந்து எல்லா மாநிலத்தையும் சேர்த்து ஓட்டுகிறவருக்கு இது தோன்றாது. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

மாவட்ட வரைபடம் உங்கள் நேரத்தைத் தின்னப் போகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நந்தி குழு பயன்படுத்திய 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 1985இல் அவற்றில் பல கிடையாது. இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மூன்றும் அன்று ஒன்று. திருவண்ணாமலை வட ஆற்காட்டிலிருந்து 1989இல் பிரிந்தது, விழுப்புரம் தென் ஆற்காட்டிலிருந்து 1993இல். ராமநாதபுரம் 1985லேயே மூன்றாக உடைந்தது, திட்டம் தொடங்கிய அதே வருஷம். ஒவ்வொரு இன்றைய மாவட்டத்தையும் அதன் தாய் மாவட்டத்தோடு இணைக்கும் ஓர் அட்டவணையை நீங்களே கையால் தயாரியுங்கள், மூலக் கட்டுரையின் அட்டவணையைப் பார்க்காமல். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். மறுஆய்வுகளில் தவறுகள் அகப்படும் இடம் பெரும்பாலும் இந்த மாதிரி அலுப்பான வேலைதான், சமன்பாடு அல்ல.

வயதும் அப்படித்தான். அந்தத் தலைமுறையில் பிறப்புச் சான்றிதழ் எத்தனை பேரிடம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியை வாத்தியாரே போட்டுக்கொண்ட காலம். கணக்கெடுப்பில் வயது கேட்டால் 25, 30, 35 என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். 2015இல் முப்பது என்று சொன்னவர் 1985இல் பிறந்தவர் ஆகிறார், இருபத்தைந்து என்றவர் 1990. திட்டம் தொடங்கிய ஆண்டிலும் நாடு முழுதும் பரவி முடிந்த ஆண்டிலும் சரியாக இந்தக் குவியல் வந்து விழுகிறது. முழு எண்ணில் வயது சொல்பவர்கள் பெரும்பாலும் குறைவாகப் படித்தவர்கள் என்பதால் இது வெறும் இரைச்சலும் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்க்கும் பிழை. 25ஐயும் 30ஐயும் நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இடப்பெயர்ச்சியைப் பற்றிச் சுருக்கமாக: கணக்கெடுப்பு ஆளை இருக்கும் இடத்தில் பிடிக்கிறது, பிறந்த இடத்தில் அல்ல. வேளச்சேரியில் வாடகைக்கு இருப்பவர் சிவகங்கைக்காரராக இருக்கலாம். ஊசியால் நன்றாகப் படித்து வேலைக்காக நகரம் வந்திருந்தால், அந்த ஆதாயம் சென்னைக் கணக்கில் ஏறும். சென்னையை விட்டுவிட்டு ஒருமுறை, நீண்டகாலமாக அதே ஊரில் இருப்பவர்களை மட்டும் வைத்து ஒருமுறை பாருங்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, குடும்பநலக் கணக்கெடுப்பில் கூலி விவரம் இல்லை. 2017-18 முதல் நடக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில் கூலி உண்டு, ஊசி இல்லை. பிறந்த ஆண்டையும் மாவட்டத்தையும் வைத்து இரண்டையும் பிணைக்கலாம். ஆனால் இங்கே மாதச் சம்பளக்காரர் குறைவு, வேலைக்கே போகாத பெண்கள் அதிகம். யார் கூலி வாங்குகிறார் என்பதையே ஊசி மாற்றியிருக்கக்கூடும். அதனால் படிப்பை முதன்மையாக வைத்துக்கொண்டு, கூலியைத் துணை அத்தியாயமாக வையுங்கள்.

இனி உங்கள் பயம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாட்டில் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த புரளிகளைப் பார்த்துவிட்டுப் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்ததை நாமெல்லாம் பார்த்தோம். அதனால் உங்கள் கவலை நியாயமானது. கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்பூச்சி மருந்து கொடுத்துச் செய்த ஆய்வை 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் மறுபடி செய்து கணக்கீட்டுப் பிழைகளைக் கண்டபோது, பூச்சி மருந்தே வீண் என்பது போலத் தலைப்புச் செய்திகள் வந்தன. மூல ஆசிரியர்கள்தான் தரவை முழுதாகக் கொடுத்தவர்கள். பிழைகளை ஒப்புக்கொண்டு, முக்கிய முடிவு நிற்கிறது என்று வாதிட்டார்கள். 2021இல் அதே பிள்ளைகளை இருபது வருஷம் கழித்துப் பார்த்து, செலவழிக்கும் அளவு 14 சதவீதம் கூடியிருப்பதாக வெளியிட்டார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

உங்கள் ஆய்வில் பூஜ்யம் வந்தால், தட்டம்மை ஊசி குழந்தைகளின் உயிரைக் காக்கிறது என்ற உண்மையில் ஒரு துரும்பும் அசையாது. அது வேறு சான்றுகளின் மேல் நிற்கிறது. அசைவது, ஊசி போடுவது லாபகரமான முதலீடு என்ற கூடுதல் வாதம் மட்டும்தான். எனக்கு அந்த வாதத்தின் மேல் எப்போதும் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒரு குழந்தை சாகாமல் இருப்பதற்கு, பிற்காலத்தில் அது எவ்வளவு சம்பாதிக்கும் என்ற கணக்கு எதற்கு? நிதித்துறைக்கு அந்த எண் வேண்டும் என்றால் சரியான எண்ணைக் கொடுப்போம், அவ்வளவே. இந்த இரண்டு வாக்கியத்தையும், ஊசி உயிர் காக்கிறது, இந்த ஆய்வு அதைப் பற்றியது அல்ல என்பதை, சுருக்கத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். பத்தாவது பக்கத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆறு மாதத்தில் முடியும், அமெரிக்கா, இந்தியா இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளாவிட்டால். இந்தியாவில் நந்தி குழுவின் கட்டுரையை எடுங்கள். முதல் மாதம் ஆசிரியர்களின் எண்களை அப்படியே வரவழைப்பதற்கு. வரவில்லை என்றால் உடனே பெரிதாக எழுதாமல், எந்த வரியில் வேறுபடுகிறது என்று குறித்து அவர்களுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் பதில் வரும். அடுத்த இரண்டு மாதம் மாவட்ட அட்டவணைக்கும், எந்த மாவட்டத்துக்கு எந்த ஆண்டு என்பதை மத்திய சுகாதார அமைச்சகத்தின் பழைய அறிக்கைகளில் சரிபார்ப்பதற்கும். சோதனைகளை ஓட்டும் முன்பே, எவையெல்லாம் ஓட்டப் போகிறீர்கள், எது வந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டு, வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு எண் எப்படி வந்தாலும் சோதனைகளை மாற்றும் ஆசை உங்களுக்கும் வராது, மாற்றச் சொல்லும் ஆசை அவருக்கும் வராது. மீதி மூன்று மாதம் சோதனைகளை ஓட்டி எழுதுவதற்குப் போதும்.

மாவட்ட அட்டவணை தயாரானதும் அனுப்புங்கள், தென் மாவட்டங்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.